கப்பல் ஓட்டியவர் கேப்டனா? – வ.உ.சி.யிடம் நாம் படிக்க வேண்டிய பாடம்



சென்ற பருவத்தில் இண்டஸ்ட்ரியல் விசிட்டுக்காக எங்கள் பிரிவு மாணவர்கள் தூத்துக்குடிக்குப் போயிருந்தோம். பஸ் துறைமுகத்தை நெருங்கும்போது 'வ.உ.சிதம்பரனார் துறைமுகம்' என்ற பெயரைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த நண்பன் கேட்டான்: "ஏலே, வ.உ.சி. எந்தக் கப்பலுக்குல கேப்டனா இருந்தாரு?" பஸ்ஸே சிரித்தது. ஆனால் சிரித்தவர்களில் ஒருவருக்கும் சரியான பதில் தெரியவில்லை. நானும்தான் சிரித்தேன். எனக்கும் தெரியாது.

கப்பலோட்டிய தமிழன் என்று சின்ன வகுப்பிலேயே படித்துவிட்டோம். செக்கிழுத்த செம்மல் என்று பேச்சுப் போட்டியில் பேசிக் கைதட்டும் வாங்கியிருக்கிறோம். 1961-இல் வந்த சினிமாவையும் டி.வி.யில் பார்த்திருக்கிறோம். ஆனால் அவர் எப்படிக் கப்பல் ஓட்டினார், எதற்காக ஓட்டினார், அந்தக் கப்பல் ஏன் நின்றது என்று கேட்டால் விழிக்கிறோம். விடுதிக்குத் திரும்பியதும் நூலகத்தில் அவர் வாழ்க்கை வரலாற்றை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

முதலில் நண்பனுக்குப் பதில். வ.உ.சி. கேப்டன் இல்லை. கம்பெனிக்கு முதலாளியும் இல்லை. சுதேசிக் கப்பல் கம்பெனியில் அவர் வகித்த பதவி உதவிச் செயலாளர். அவ்வளவுதான்!

ஒட்டப்பிடாரத்து வக்கீல்

வ.உ.சிதம்பரம் 5.9.1872 அன்று ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். அப்பா உலகநாத பிள்ளை, அம்மா பரமாயி அம்மாள். அப்பாவும் வக்கீல், வசதியான குடும்பம். திருச்சியில் சட்டம் படித்து, வக்கீல் தேர்வில் தேறி, சொந்த ஊரிலேயே தொழில் தொடங்கினார். ஏழைகளுக்காகப் பணம் வாங்காமலும் வாதாடினார். போலீஸ்காரர்கள் போட்ட பொய் வழக்குகளை உடைத்தார். அதனால் வந்த பகை வளர்ந்துவிடக் கூடாதே என்று 1900-இல் அப்பாவே அவரைத் தூத்துக்குடிக்கு அனுப்பி வைத்தார்.

நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். எங்கப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். வ.உ.சி. அப்படியில்லை. அவருக்கு எல்லாம் இருந்தது. பேசாமல் கோர்ட்டுக்குப் போய் வந்திருந்தால் பங்களா கட்டி, கார் வாங்கி நிம்மதியாக இருந்திருக்கலாம். இருந்ததை எல்லாம் எதற்காக விட்டார் என்பதுதான் கேள்வி.

1905-இல் வங்காளத்தை வெள்ளையர் அரசு இரண்டாகப் பிரித்தது. அதை எதிர்த்து எழுந்த சுதேசி இயக்கம் நாடு முழுவதும் பரவியது. அந்நியத் துணியைத் தீயில் போட்டார்கள். வ.உ.சி.யும் திலகரைத் தலைவராக ஏற்றுக்கொண்டவர். ஆனால் வெளிநாட்டுச் சாமானைக் கொளுத்தினால் மட்டும் போதாது, அந்தச் சாமானை நாமே செய்ய வேண்டும், நாமே ஏற்றிப் போக வேண்டும் என்பது அவர் வழி. தூத்துக்குடியில் சுதேசிப் பண்டகசாலை, தரும சங்க நெசவுச்சாலை என்று வரிசையாகத் தொடங்கினார். அந்த வரிசையில் வந்ததுதான் கப்பல்.

இருபத்தைந்து ரூபாய்ப் பங்கு

அக்காலத்தில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே வியாபாரப் போக்குவரத்து அதிகம். அந்தப் பாதை பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் கையில் இருந்தது. கட்டணம் அவர்கள் சொல்வதுதான். நம்மூர் வியாபாரி மூட்டையைக் கட்டிக்கொண்டு அவர்கள் வாசலில் நிற்க வேண்டும்.

முதலில் வ.உ.சி. குழுவினர் பம்பாயில் ஒரு கம்பெனியிடம் கப்பல்களை வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி விடுமா? வாடகைக்குக் கொடுத்தவர்களை நெருக்கியது. கப்பல் திரும்பிப் போய்விட்டது. பிறகு கொழும்பிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்துச் சமாளித்தார்கள். அடுத்தவன் மெஷினை வாடகைக்கு வாங்கித் தொழில் செய்தால், அவன் நினைத்த நாளில் நம் தொழில் நின்றுவிடும் என்ற பாடத்தை வ.உ.சி. அங்கே படித்தார். சொந்தக் கப்பல் வேண்டும் என்று முடிவு செய்தார்.

16.10.1906 அன்று சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். இதை எப்படிப் பிரித்தார்கள் தெரியுமா? பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பத்துப் பணக்காரர்களிடம் ஆளுக்கு ஒரு லட்சம் கேட்டிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. 25 ரூபாய் அந்தக் காலத்தில் சின்னத் தொகை அல்ல. இருந்தாலும் கடைக்காரர், வாத்தியார், சிறு வியாபாரி போன்றவர்கள் முயன்றால் சேர்க்கக்கூடிய தொகை. கப்பல் எங்களுடையது என்று ஆயிரக்கணக்கானோர் சொல்ல வேண்டும் என்பதுதான் கணக்கு.

பெரிய கைகளும் சேர்ந்தன. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901-இல் நிறுவிய பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளுக்கு 2 லட்சம் ரூபாய் கொடுத்தார். மொத்த மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு அது. ஜமீன்தாரும் சேட்டும் வக்கீலும் மளிகைக் கடைக்காரரும் சாதி, மதம் பாராமல் ஒரே கம்பெனியில் பங்குதாரர்கள் என்பதைக் கவனியுங்கள்.

பணம் சேர்ந்தும் கப்பல் சும்மா வந்துவிடாது. வ.உ.சி. பம்பாய்க்குப் போனார். வீட்டில் மகனுக்கு உடம்பு சரியில்லை, மனைவி மீனாட்சி அம்மாள் கர்ப்பிணி. திரும்பினால் கப்பலோடு திரும்புவேன், இல்லையென்றால் கடலில் விழுந்து உயிரை விடுவேன் என்று சொல்லிப் போனதாக அவர் வரலாற்றில் படிக்கிறோம். 1907-இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. பாரதியார் தம் 'இந்தியா' பத்திரிகையில் இதைக் கொண்டாடி எழுதினார்.

ஒரு விஷயம். அன்று தூத்துக்குடியில் இன்று நாம் பார்க்கும் ஆழ்கடல் துறைமுகம் கிடையாது. அது 1974-இல்தான் வந்தது. கரையோரம் ஆழம் குறைவு. கப்பல் பல மைல் தள்ளிக் கடலில் நிற்கும். படகில் ஏறிப் போய்த்தான் கப்பல் ஏற வேண்டும். ஆகவே கப்பல் இருந்தால் மட்டும் போதாது. படகு, படகுக்காரர், மூட்டை தூக்குபவர் எல்லாரும் கூட நின்றால்தான் காரியம் நடக்கும். நின்றார்கள்!

ஒரு ரூபாய், எட்டணா, இனாம்!

இனி வருவது நம் வகுப்பில் கரும்பலகையில் போட வேண்டிய கணக்கு.

சுதேசிக் கப்பலில் கூட்டம் ஏறியதும் வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாக, அதாவது அரை ரூபாயாகக் குறைத்தது. உடனே அவர்கள், எங்கள் கப்பலில் இனாமாகவே வரலாம், வருகிறவர்களுக்கு ஒரு குடையும் தருகிறோம் என்று அறிவித்தார்களாம். அப்படியும் ஜனங்கள் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறினார்கள் என்பதைப் படிக்கும்போது உடம்பு சிலிர்க்கிறது.

ஆனால் சிலிர்த்தால் போதுமா? கணக்குப் போடுவோம். காலியா கப்பலில் சாதாரண வகுப்பில் சுமார் 1,300 பேர் போகலாம் என்பார்கள். ஆளுக்கு எட்டணா என்றால் கப்பல் நிறைந்தாலும் 650 ரூபாய்தான். பாதிக் கப்பல் என்றால் 325 ரூபாய். நீராவிக் கப்பலுக்கு நிலக்கரி வேண்டும். கப்பல் நிறைந்தாலும் பாதி காலியாக இருந்தாலும் கொதிகலனில் தீ எரிந்தே ஆக வேண்டும். மாலுமி சம்பளம், படகுக் கூலி, ரிப்பேர், எல்லாம் அப்படியேதான் இருக்கும். பயணி குறைந்தால் செலவு குறையாது. இதைத்தான் நாம் தொழில் நிர்வாகப் பாடத்தில் நிலையான செலவு என்று படிக்கிறோம்.

எதிர்க் கம்பெனிக்கும் இதே நஷ்டம் உண்டுதானே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் அவர்களுக்கு பர்மா, ஆப்பிரிக்கா, பாரசீக வளைகுடா என்று பல பாதைகளில் ஏராளமான கப்பல்கள் ஓடின. தூத்துக்குடியில் விட்டதை வேறு இடத்தில் பிடித்துக்கொள்வார்கள். சுதேசிக் கம்பெனிக்கு வேறு இடம் ஏது? இனாம் என்று ஒருவன் கொடுத்தால், நம் கடையை மூட வைத்துவிட்டுப் பிறகு அதற்கும் சேர்த்து வசூலிக்கப் போகிறான் என்று அர்த்தம். இது 1907-க்கு மட்டும் பொருந்தும் பாடமா? நீங்களே யோசியுங்கள்.

குறிக்கோளில் நமக்கும் ஒரு வரி

என்னை நிமிர்ந்து உட்கார வைத்த இடம் இது. சுதேசிக் கம்பெனியின் குறிக்கோள்களில் கப்பல் ஓட்டி லாபம் சம்பாதிப்பது மட்டும் இல்லை. இந்தியர்களுக்கும் இலங்கையருக்கும் மற்ற ஆசிய நாட்டாருக்கும் கப்பல் ஓட்டும் தொழிலிலும் கப்பல் கட்டும் தொழிலிலும் பயிற்சி தர வேண்டும், அதற்குக் கல்விச்சாலை வேண்டும், கப்பல் கட்டும் துறை அமைக்க வேண்டும் என்பவையும் இருந்தன.

இதை அன்று கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். வாங்கின கப்பலே ஓடுமா என்று தெரியாத நேரத்தில் காலேஜாம், டாக்யார்டாம்! ஆனால் பின்னால் நடந்ததைப் பாருங்கள். இந்தியர் நடத்திய சிந்தியா கம்பெனியின் கப்பல் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது 1919-இல். இந்திய இளைஞர்களுக்குக் கப்பல் அதிகாரிப் பயிற்சி தர 'டஃபரின்' பயிற்சிக் கப்பல் பம்பாயில் வந்தது 1927-இல். விசாகப்பட்டினத்தில் கட்டிய 'ஜல உஷா' கப்பலை நேரு கடலில் இறக்கியது 1948-இல். வ.உ.சி. 1906-இல் காகிதத்தில் எழுதியது நடப்பதற்கு 21 வருஷமும் 42 வருஷமும் ஆகியிருக்கிறது.

மெஷினை விலைக்கு வாங்கலாம். அதைக் கட்டத் தெரிய வேண்டும், ஓட்டத் தெரிய வேண்டும், கெட்டால் பிரித்து மாட்டத் தெரிய வேண்டும். அது தெரிகிற வரை சுதந்திரம் பாதிதான் என்று அந்த வக்கீலுக்குத் தோன்றியிருக்கிறது. லேத்தையும் மில்லிங் மெஷினையும் அவர் தொட்டிருக்க மாட்டார். ஆனால் நம்மைப் போன்ற பாலிடெக்னிக் மாணவன் இந்த நாட்டுக்கு ஏன் தேவை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

மில்காரர்களின் ஞாயிற்றுக்கிழமை

எங்கப்பா நூற்பு மில்லில் வேலை பார்த்தவர். நான் வ.உ.சி. பற்றி எழுதப் போகிறேன் என்றதும், "கப்பலைப் பத்தி மட்டும் எழுதாத. கோரல் மில்லைப் பத்தியும் எழுது" என்றார். சங்கக் கூட்டத்தில் கேட்டதாம். எனக்கு அதுவரை தெரியாது.

தூத்துக்குடியில் கோரல் மில் என்று ஒரு நூற்பாலை. வெள்ளைக்காரர் நிர்வாகம். நீண்ட நேர வேலை, சொற்பக் கூலி, வார விடுமுறை கிடையாது. 1908 பிப்ரவரியில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட்டம் போட்டு அந்தத் தொழிலாளர்களிடம் பேசினார்கள். பிப்ரவரி 27-ஆம் தேதி தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். கூலி உயர்வு, வார விடுமுறை, மற்ற விடுமுறைகள் ஆகியவை கோரிக்கைகள்.

மில் தொழிலாளி வயிறு ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது என்று நிர்வாகம் கணக்குப் போட்டிருக்கும். ஆனால் ஊரே தொழிலாளி பக்கம் நின்றது. உணவுக்கு ஏற்பாடு செய்தார்கள். இதில் ஒரு வேடிக்கையும் நடந்ததாகச் சொல்வார்கள். சவரம் செய்துகொள்ள உட்கார்ந்த ஒரு வக்கீல், வேலைநிறுத்தக்காரரைக் குறை சொல்லிப் பேசினாராம். நாவிதர் பாதிச் சவரத்தில் கத்தியை மடக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாராம்! மீதியைச் செய்துவிட ஊரில் வேறு ஆளும் கிடைக்கவில்லையாம்.

ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது. இதைப் பார்த்துவிட்டு மற்ற ஐரோப்பியக் கம்பெனிகளும் தங்கள் தொழிலாளருக்குக் கூலியை உயர்த்தின.

நண்பர்களே, இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். வ.உ.சி. ஒரு கம்பெனி நடத்துகிறவர். பங்குதாரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். அப்படிப்பட்டவர் கூலிக்காரனைத் தூண்டிவிடலாமா என்று பணம் போட்ட சிலருக்கே பிடிக்கவில்லை. ஆனால் அவருக்கு இரண்டும் ஒன்றுதான். மெஷின் நம்முடையதாக இருக்க வேண்டும். மெஷினில் நிற்கிறவனும் மனுஷனாக இருக்க வேண்டும். ஒன்று இருந்து இன்னொன்று இல்லையென்றால் அது என்ன சுதேசி?

நாற்பது ஆண்டும் ஒரு செக்கும்

வங்காளத் தலைவர் விபின் சந்திர பாலர் 9.3.1908 அன்று விடுதலையானார். அதைக் கொண்டாட வ.உ.சி.யும் சிவாவும் ஏற்பாடு செய்தார்கள். மார்ச் 12-ஆம் தேதி திருநெல்வேலியில் இருவரும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. மாணவர்களும் தெருவுக்கு வந்தார்கள். அரசு அலுவலகங்களில் தீ வைக்கப்பட்டது. போலீஸ் சுட்டதில் 4 பேர் இறந்தார்கள். தூத்துக்குடியில் கோரல் மில் தொழிலாளர்கள் மறுபடியும் வேலையை நிறுத்தினார்கள். இம்முறை தங்கள் கூலிக்காக அல்ல, தங்களுக்காகப் பேசியவருக்காக. திலகருக்குத் தண்டனை விதித்ததை எதிர்த்துப் பம்பாய்த் தொழிலாளர்கள் செய்த வேலைநிறுத்தத்தைப் பெரிதாகச் சொல்வார்கள். அது 1908 ஜூலையில். நம் ஆட்கள் அதற்கு நான்கு மாதம் முன்பே செய்துவிட்டார்கள்!

7.7.1908 அன்று நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். அரசுக்கு எதிராகப் பேசியதற்கு 20 ஆண்டு, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு 20 ஆண்டு, ஆக 40 ஆண்டு. வ.உ.சி.க்கு அப்போது வயது 35. சிவாவுக்கு 10 ஆண்டு. மேல்முறையீடுகளுக்குப் பிறகு வ.உ.சி.யின் தண்டனை 6 ஆண்டாகக் குறைந்தது.

கோயம்புத்தூர் சிறையில் மாட்டுக்குப் பதிலாக அவரைச் செக்கில் பூட்டினார்கள். செக்கு நமக்குத் தெரிந்ததுதான். நடுவில் உரல், உரலில் உலக்கை, உலக்கையோடு சேர்ந்த நீளமான தடி. தடியின் நுனியில் மாடு சுற்றிச் சுற்றி வரும். முறுக்குவிசை என்பது விசையையும் ஆரத்தையும் பெருக்கினால் வருவது என்று முதலாண்டில் மனப்பாடம் செய்தோமே, அந்த விசை இருக்கும் இடத்தில் ஒரு மனிதனை வைத்துப் பாருங்கள். வெயிலில், நாள் முழுக்க. அந்தச் செக்கை இன்றும் கோவை சிறை வளாகத்தில் நினைவுச்சின்னமாக வைத்திருக்கிறார்கள்.

அந்தச் சிறையிலும் அவர் புத்தகத்தை விடவில்லை. ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில ஆசிரியரின் நூலை 'மனம்போல வாழ்வு' என்று தமிழாக்கினார். பிறகு 'மெய்யறம்', 'மெய்யறிவு' போன்ற நூல்களைச் சொந்தமாக எழுதினார். திருக்குறள் மணக்குடவர் உரையின் அறத்துப்பாலைப் பதிப்பித்தார். தொல்காப்பியம் இளம்பூரணர் உரைப் பதிப்பிலும் அவர் உழைப்பு உண்டு.

விடுதலைக்குப் பின்

24.12.1912 அன்று கண்ணனூர் சிறையிலிருந்து வெளியே வந்தார். நாலரை வருஷம் உள்ளே இருந்தவரை வரவேற்கக் கூட்டம் இல்லை. அவர் உள்ளே இருக்கும்போதே 1911-இல் கம்பெனியைக் கலைத்துவிட்டார்கள். கப்பல்கள் போய்விட்டன. தண்டனை பெற்றவர் என்பதால் வக்கீல் உரிமம் பறிபோயிருந்தது. சென்னைக்குப் போய் அரிசிக் கடை, மண்ணெண்ணெய்க் கடை என்று வைத்துப் பார்த்தார். ஒன்றும் சரிப்படவில்லை. திலகர் மாதம் 50 ரூபாய் அனுப்பி உதவினார். தென்னாப்பிரிக்காத் தமிழர்கள் அவருக்காகத் திரட்டித் தந்த பணம், காந்தியடிகளோடு பல கடிதங்கள் எழுதிக்கொண்ட பிறகு, 1916-இல் வந்தது. தொகை 347 ரூபாய் 12 அணா. பத்து லட்சம் ரூபாய்க் கம்பெனியை எழுப்பியவர் இந்தப் பணத்துக்குக் காத்திருந்தார் என்று படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

அந்த வறுமையிலும் சென்னையில் தொழிலாளர் சங்க வேலைகளில் ஈடுபட்டார். ஒத்துழையாமை இயக்கம் அவருக்கு உடன்பாடு இல்லை. காந்தி மேல் மரியாதை இருந்தும், 1920-இல் காங்கிரசை விட்டு விலகினார். 1927-இல் சேலம் அரசியல் மாநாட்டுக்குத் தலைமை வகித்தபோது, அரசாங்க வேலைகளில் எல்லாச் சமூகத்தாருக்கும் பங்கு வேண்டும் என்ற பக்கம் நின்றார். கூட்டம் எந்தப் பக்கம் என்று பார்த்துப் பேசுகிறவர் அல்ல அவர்.

வக்கீல் உரிமத்தைத் திரும்ப வாங்கிக் கொடுத்தவர் வாலஸ் என்ற ஆங்கில நீதிபதி. அந்த நன்றிக்காகத் தம் மகன் ஒருவருக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். வெள்ளையர் ஆட்சியோடு சண்டை, வெள்ளைக்கார மனிதரோடு சண்டை இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் தொழில் செய்து கடைசி ஆண்டுகளைக் கழித்தார். 18.11.1936 அன்று தூத்துக்குடிக் காங்கிரஸ் அலுவலகத்தில் அவர் விருப்பப்படியே உயிர் பிரிந்தது.

கம்பெனி ஏன் விழுந்தது?

பாராட்டி முடித்துவிட்டால் இது பாடம் ஆகாது. ஒரு மெஷின் நின்றுவிட்டால் ஏன் நின்றது என்று பிரித்துப் பார்ப்பதுதானே நம் தொழில்? நான் படித்ததை வைத்து எனக்குத் தோன்றிய காரணங்கள் இவை.

ஒன்று, கட்டணப் போட்டியைத் தாங்கும் கையிருப்பு இல்லை. இரண்டு, அரசாங்கமும் அதிகாரிகளும் எதிர்க் கம்பெனியின் பக்கம் நின்றார்கள். மூன்று, கப்பலை வெளியில்தான் வாங்க வேண்டியிருந்தது. கட்டவும் தேர்ந்த முறையில் செலுத்தவும் நம் ஆட்களுக்குப் பயிற்சி இல்லை. அந்தப் பயிற்சிச்சாலை குறிக்கோளாகவே நின்றுவிட்டது. நான்கு, எல்லாப் பாரமும் ஒரே தூணில். வ.உ.சி.யைப் பிடித்து உள்ளே போட்டதும் பங்குதாரர்கள் பயந்துவிட்டார்கள். அவர் வேலையைத் தொடர்ந்து நடத்த இன்னொரு வ.உ.சி. இல்லை.

நான்காவதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. ஆயிரக்கணக்கானோர் பங்குப் பணம் கொடுத்தார்கள். ஆனால் சிறையிலிருந்து அவர் வந்த அன்று அவர்கள் எங்கே போனார்கள்? ஒரு தலைவரைக் கொண்டாடுவது எளிது. அவர் விட்ட வேலையை ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துச் செய்வது கஷ்டம். சிலை வைப்பதற்கும் போர்டு எழுதுவதற்கும் பின்னால் இந்தக் குற்ற உணர்வு கொஞ்சம் இருக்குமோ என்று நினைக்கிறேன்.

நமக்கு என்ன?

நம் கல்லூரியில் படித்து முடித்த ஒரு அண்ணன் போன பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தார். வெளியூரில் ஒரு கம்பெனியில் பயிற்சியாளர் வேலை. பெயர் வேண்டாம். 12 மணி நேர ஷிப்ட். ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டா என்று கேட்டேன். "ஆர்டர் இருந்தா கிடையாது தம்பி. எப்பவும் ஆர்டர் இருக்கும்" என்றார். ஆர்டர் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டதற்கு, "படிச்சுப் பாக்கல. கையெழுத்து கேட்டாங்க, போட்டுட்டேன்" என்றார். டிப்ளமா படித்தவர் சொன்ன பதில் இது.

வீட்டில் இதைச் சொன்னபோது எங்கப்பா சொன்னார்: "ஏலே, ஞாயித்துக்கிழமை லீவு என்ன ஆகாசத்துல இருந்தா விழுந்துச்சு? ஒம்பது நாள் பட்டினி கெடந்து வாங்குனது. நீங்க படிச்சவனுக, படிச்சுப் பாக்காமலே திருப்பிக் குடுத்துருவீங்க போலயே!"

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அப்பா கையெழுத்துப் போடுவதற்கே சிரமப்பட்டவர். எனக்கு ஆங்கிலத்தில் வரும் ஆர்டரையும் படிக்கத் தெரியும். படிப்பு எதற்கு என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

ஆகவே நண்பர்களே, வ.உ.சி.யிடமிருந்து நான் மூன்று காரியங்களை எடுத்துக்கொண்டேன். ஒன்று, மெஷினைச் சும்மா ஓட்ட மட்டும் படிக்கக் கூடாது. அது எப்படிச் செய்யப்பட்டது என்பதுவரை படிக்க வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் அடுத்தவன் செய்த ஜாபை வாங்கி மார்க் வாங்குகிற பழக்கம் எனக்கும் உண்டு. அதை விட்டுவிட்டேன். இரண்டு, வேலைக்குப் போகும்போது ஆர்டரை வரி வரியாகப் படிக்க வேண்டும். புரியாவிட்டால் சங்கத்தில் கேட்க வேண்டும். நம் மாணவர் சங்கமே கடைசி ஆண்டு மாணவர்களுக்கு இதை ஒரு வகுப்பாக நடத்தலாம் என்பது என் வேண்டுகோள். மூன்று, 25 ரூபாய்ப் பங்கு. தனியாக முடியாததை நாலு பேர் சேர்ந்து செய்ய முடியும். ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பை ஒருவன் போட முடியாது; ஐந்து நண்பர்கள் போடலாம். ஆனால் போட்டுவிட்டு ஒருவன் தலையில் பாரத்தை வைத்துவிட்டு நாம் ஒதுங்கிவிடக் கூடாது.

பஸ்ஸில் கேள்வி கேட்ட நண்பனிடம் இந்தக் கட்டுரையை முதலில் வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்போ அவரு கேப்டன் இல்ல. கப்பலுக்கு ஆள் சேத்தவரு. அப்படித்தானே?" என்றான். அப்படித்தான். ஆள் இன்னும் தேவைப்படுகிறது.